உலக முடிவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்வோருக்கு

புலம்பெயர்ந்த குடும்பங்கள் பெரும்பாலும் பள்ளி விடுமுறையையும் நல்லூர்த் திருவிழாவையும் சேர்த்துப் பார்த்து ஆடி, ஆவணியில்தான் ஊருக்கு வருகின்றன. யாழ்ப்பாணத்தில் வெயில் கொளுத்தும் அந்த நாட்களில் மலைநாட்டில் தென்மேற்குப் பருவமழை பெய்துகொண்டிருக்கும். அங்குள்ள ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவில், 'உலக முடிவு' (World's End) எனப்படும் மலைப்பாறை விளிம்பு வரை பிள்ளைகளோடு ஒரு பகல் நடக்க விரும்புகிறவர்கள், முடியுமானால் தை முதல் பங்குனி வரையான காலத்தில் வாருங்கள். எந்த மாதமானாலும், காலை ஒன்பது, பத்து மணிக்குள் முகில் ஏறி உலக முடிவை மூடிவிடுவது அங்கே வழக்கம். ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்தாக இறங்கும் அந்தப் பாறை விளிம்பில் நின்று கீழே எதையாவது காண வேண்டுமென்றால், முதல் நாள் இரவே நுவரெலியாவில் தங்கி, ஐந்து மணிக்கு முன் புறப்பட்டு, அம்பேவல, பட்டிப்பொல வழியாக ஏறி, வாயில் திறக்கும் ஆறு மணிக்கே அங்கு நிற்க வேண்டும்.

நாங்கள் அப்படித்தான் நின்றோம். ஆனால் உள்ளே போனது மிகவும் பிந்தித்தான்.

வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் டொலரில் கணக்கிடப்படுகிறது. அதன்மேல் சேவைக் கட்டணம், வாகனக் கட்டணம், வரி என்று சேரும். உள்ளூரவர் கொடுப்பது அதில் மிகச் சிறிய பங்கு. இந்த வேறுபாட்டை உறவினர்கள் சும்மா விடமாட்டார்கள். எங்களோடு வந்த சித்தப்பா வான் வண்டியில் ஏறிய நேரம் முதல் இதையே சொல்லிக்கொண்டு வந்தார். "நாங்கள் என்ன வெள்ளைக்காரரே? பிறந்த மண்ணைப் பார்க்கிறதுக்கு டொலரிலை காசு குடுக்கிறதோ?" நானே எல்லாருக்கும் கட்டுகிறேன் என்றபோது அவருக்கு இன்னும் கோபம் வந்தது. சீட்டு வாங்கும் இடத்தில் என்னை முந்திக்கொண்டு போய், சட்டைப் பையிலிருந்து என்னுடைய பழைய அடையாள அட்டையை எடுத்து நீட்டினார்.

ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும் கொண்ட பழைய அட்டை. ஓரத்தில் பிளாஸ்டிக் உறை கிளம்பியிருந்தது. படத்தில் மீசை அரும்பாத முகம். அம்மாவின் பத்திரங்களோடு அதையும் அவர் இத்தனை காலம் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. அம்மாவை வைத்தியசாலைக்கும் வீட்டுக்குமாகக் கொண்டு திரிந்தவரும் அவரே. நான் அப்போது வெளிநாட்டில், தொலைபேசியில் மட்டும் இருந்தேன். அந்த மனிதரைப் பலருக்கு முன்னால் மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. அலுவலர் அட்டையைப் பார்த்தார், வானுக்குள் இருந்த பிள்ளைகளைப் பார்த்தார், கடவுச்சீட்டுகளைத் தரும்படி மரியாதையாகக் கேட்டார். சித்தப்பா விடவில்லை. பின்னால் வாகனங்கள் வரிசையாக நின்றன. பிள்ளைகள் குளிரில் ஒடுங்கியபடி, தாத்தா ஏன் சத்தம் போடுகிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, வேறொரு நாட்டின் குடியுரிமையை நாமாக விரும்பிப் பெற்றால், முறைப்படி இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துப் பெறாதவரை, இலங்கைக் குடியுரிமை போய்விடும். கொழும்பு வெள்ளவத்தையில் வீடு இருந்தாலும் பழைய அட்டை பெட்டிக்குள் கிடந்தாலும் அது மாறாது. (அதே சட்டம்தான் இந்த மலைகளில் தேயிலை கொய்த தமிழரை நாடற்றவர்களாக்கியது. எங்களை ஏற்றிவந்த சாரதியின் பாட்டனார் அவர்களில் ஒருவர். சாரதி ஒரு வார்த்தையும் பேசாமல் வண்டியோரம் நின்றார்.) இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டையோ அடையாள அட்டையையோ கையோடு கொண்டு வாருங்கள். இல்லாதவர்கள் வெளிநாட்டவர் கட்டணத்தைக் கொடுக்கத்தான் வேண்டும். அதை வீட்டுப் பெரியவர்களுக்கு முதல் நாளே, தனியாக இருக்கும்போது, பொறுமையாகச் சொல்லுங்கள். அவர்கள் காசுக்காக வாதாடவில்லை. நீ இன்னும் இந்த ஊர்ப் பிள்ளைதான் என்று யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். எனக்கும் அந்த ஆசை இருக்கிறது. ஆனால் அதைக் கேட்பதற்குரிய இடம் சீட்டு விற்கும் யன்னல் அல்ல.

ஒருவழியாக டொலர் கணக்கிலேயே கட்டி உள்ளே போனோம். நடைபாதை ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் சுற்று. பிள்ளைகளோடு மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. தொடக்கத்தில் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள் என்பதால் சாப்பாட்டைப் பெட்டிகளில் கொண்டு செல்லுங்கள். வழியில் முதலில் வரும் சிறிய விளிம்பான சின்ன உலக முடிவில் கொஞ்சம் பள்ளத்தாக்குத் தெரிந்தது. பெரியதற்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாமே வெள்ளையாக இருந்தது. நெடுநேரம் நின்றும் விலகவில்லை. அந்த விளிம்பில் எல்லா இடத்திலும் வேலி இருக்கும் என்று நம்பாதீர்கள், முகிலுக்குள் சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். பேக்கர் நீர்வீழ்ச்சியில்தான் அவர்கள் மறுபடி சிரித்தார்கள்.

முழங்கால் நோ உள்ளவர்களை இந்தச் சுற்றுக்கு வற்புறுத்த வேண்டாம். பாதை கல்லும் வேரும் சேறுமாக இருக்கும். நடை தொடங்கும் ஃபார் இன் கட்டடத்தடியில் அவர்கள் இருந்துகொள்ளலாம், சித்தப்பாவும் அங்கேதான் இருந்தார். வாகனத் தரிப்பிடம் வரை மரைகள் என்னும் பெரிய மான்கள் வந்து நிற்கும். அவற்றுக்கு பிஸ்கட் கொடுக்க வேண்டாம் என்று மட்டும் பெரியவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.