பருவுக்கும் வெயில் கருமைக்கும் மூன்றே பொருள்: எதை வாங்குவது, எப்படிப் பூசுவது

25, 30 வயதைத் தாண்டியும் பரு வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை ஒன்றுதான்: "பரு போயிடுது, கருப்பு மட்டும் போகவே மாட்டேங்குது." மாநிறத் தோலின் இயல்பே அது. பரு வீங்கிப் பழுத்த இடத்தில் தோல் கூடுதலாக நிறமியைச் சுரந்து வைக்கிறது. அதன்மேல் வெயில் பட்டால் இன்னும் கறுக்கிறது, மறைய மாதக்கணக்காகிறது. அதனால் பருவுக்கு ஒன்று, கருமைக்கு ஒன்று, தழும்புக்கு ஒன்று என்று வாங்கிக் குவிப்பது வீண் செலவு. புதுப் பரு வராமல் தடுக்க ஒரு மருந்து, இருக்கிற கருப்பு ஏறாமலிருக்க சன்ஸ்கிரீன், இரண்டையும் தோல் தாங்க ஒரு சாதாரண மாய்ஸ்சரைசர். கையிலுள்ள பணத்தில் பெரும்பங்கு சன்ஸ்கிரீனுக்குப் போகட்டும்.

முதலில் நிறுத்த வேண்டியவை

வீட்டிலுள்ள முக க்ரீமின் பின்பக்கத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. பூசிய சில வாரங்களில் முகம் பளிச்சென்று ஆவதால்தான் இது கைக்குக் கை பரவுகிறது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, முடி வளர்ந்து, பருவும் கூடும். நிறுத்திய சில நாளில் முகம் சிவந்து எரியும். அதற்குப் பயந்து மறுபடி பூசுவார்கள். பல மாதமாகப் பூசிவருகிறீர்கள் என்றால் நீங்களாகச் சமாளிக்காமல் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள். மூலப்பொருள் பட்டியலே இல்லாத சிவப்பழகு க்ரீமில் பாதரசம்கூட இருக்கலாம். அதைத் தூக்கிப் போடுங்கள்.

எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, பற்பசை எதுவும் முகத்துக்கு வேண்டாம். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளம் வந்து, கருந்திட்டாக நின்றுவிடும். சொரசொரப்பான ஸ்க்ரப்பும் பருவைக் கிளறிக் கருப்பைக் கூட்டும்.

தேங்காய் எண்ணெய் தலைக்கு நல்லது, பரு வரும் முகத்துக்கு ஆகாது. ராத்திரி தலையில் வைத்துப் படுத்தால் வழிந்து நெற்றியிலும் காதோரத்திலும் துளைகளை அடைக்கும். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தேய்த்து, அலசிவிடுங்கள். தலையணை உறையை வாரம் இருமுறை மாற்றுங்கள்.

இது பருதானா?

நெற்றியிலும் முதுகிலும் ஒரே அளவில் சின்னச்சின்னப் பொரியாக, அரிப்போடு வந்தால் பூஞ்சையாக இருக்கலாம். வியர்வை அதிகமுள்ள ஊர்களில் இது சகஜம். பரு மருந்துக்குச் சரிவர அடங்காது, பூஞ்சை மருந்துதான் வேண்டும். இரண்டு கன்னத்திலும் மேலுதட்டிலும் ஒரேபோல் படரும் பழுப்புத் திட்டு மங்கு. பின்கழுத்து கறுத்து, வெல்வெட் போலத் தடித்திருந்தால் அது வெயிலும் அல்ல, அழுக்கும் அல்ல. பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பதை விட்டு, ரத்தத்தில் சர்க்கரை அளவைப் பாருங்கள்.

படி 1: முகம் கழுவுதல்

காலையும் இரவும் இருமுறை போதும். நுரை குறைவான, வாசனையற்ற ஃபேஸ் வாஷ், விரல் நுனியால் அரை நிமிடம், சாதாரணத் தண்ணீர், ஒற்றி எடுக்கப் பருத்தித் துண்டு. கழுவியபின் முகம் இழுத்துப் பிடித்தால் அந்த ஃபேஸ் வாஷ் உங்களுக்கு அதிகம். குளியல் சோப்பு முகத்துக்கு வேண்டாம்.

படி 2: காலையில் சன்ஸ்கிரீன்

எஸ்பிஎஃப் 30 அல்லது 50, பிஏ+++ அல்லது அதற்கு மேல் என்று அட்டையில் இருக்க வேண்டும். எஸ்பிஎஃப் என்பது முக்கியமாகத் தோலைச் சுட்டெரிக்கும் யுவிபி கதிருக்கான கணக்கு. கருமைக்குப் பெரிய காரணமான யுவிஏ கதிருக்கான கணக்கு பிஏ. எண்ணெய்ப் பசை முகத்துக்கு ஜெல் வகை வாங்குங்கள். மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல்நிறச் சாயமுள்ள சன்ஸ்கிரீன் நல்லது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும், அதைச் சாதாரண சன்ஸ்கிரீன் சரியாகத் தடுக்காது.

பெரும்பாலோர் தவறுவது அளவில். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் கோடு போட்டுப் பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவு வேண்டும், ஏறக்குறைய 1 கிராம். அப்படியென்றால் தினம் ஒருமுறை பூசினாலே 50 கிராம் ட்யூப் 50 நாள்தான் வரும். உங்கள் ட்யூப் நான்கு மாதம் ஓடுகிறதா? எஸ்பிஎஃப் 50 என்று காசு கொடுத்துவிட்டு, அதில் சிறுபங்குப் பாதுகாப்புதான் எடுக்கிறீர்கள். 15 கிராமில் விலை உயர்ந்ததை வாங்கிச் சிக்கனமாகப் பூசுவதைவிட, தாராளமாகப் பூச முடிகிற மலிவான ட்யூபே மேல்.

இரண்டு விரலையும் ஒரே தடவையில் பூசினால் வெள்ளையாகத் திரளும். ஒரு விரலளவு பூசி, இரண்டு நிமிடம் விட்டு, அடுத்ததைப் பூசுங்கள். கிளம்ப 15 நிமிடம் முன்பு முடித்துவிடுங்கள். வெளியிலேயே வேலை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வியர்வையை ஒற்றிவிட்டு மறுபடி. காரில், பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்தாலும் கண்ணாடி வழியே யுவிஏ வரும்.

கைக்கு சன்ஸ்கிரீன் பூசி மாளாது. வண்டி ஓட்டுகிறவர்கள் முழுக்கை உறை போட்டுக்கொண்டால் செலவு மிச்சம். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக விழும் நேரத்தில் கதிர் கடுமையாக இருக்கும்.

படி 3: இரவில் அடாபலீன்

தொடக்கத்தில் சொன்ன பரு மருந்து இதுதான். தோல் துளை அடைப்பைத் தடுப்பதால் புதுப் பருவைக் குறைக்கும், கருப்பு கலையவும் உதவும். கேட்க வேண்டியது அடாபலீன் 0.1 சதவீத ஜெல், 15 கிராம். மருத்துவர் சீட்டோடு வாங்குவது நல்லது. பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். கிளிண்டாமைசின் சேர்ந்த ஜெல்லை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது ஆன்டிபயாடிக், மாதக்கணக்கில் தானாகப் பூசினால் கிருமி பழகிப்போய் மருந்து வேலை செய்யாது.

கர்ப்பிணிகளும் கர்ப்பம் எதிர்பார்ப்பவர்களும் அடாபலீன் பூசக் கூடாது. அசெலாயிக் அமிலம் ஒத்துவரும், மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்கலாம்.

முகம் கழுவி 20 நிமிடம் காயவிடுங்கள். ஈரத்தில் பூசினால் எரியும். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவுதான். நெற்றி, இரு கன்னம், மூக்கு, தாடை என்று ஐந்து புள்ளி வைத்து மெல்லப் பரப்புங்கள். பருவின் மேல் மட்டும் தொட்டு வைப்பதில் பயனில்லை. இன்னும் வெளியே வராத பருவுக்குத்தான் இந்த மருந்து. கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் மூன்றிலும் முன்னதாகக் கொஞ்சம் வாஸ்லின் தடவிக்கொள்ளுங்கள். மருந்தின் மேல் கிளிசரின் உள்ள மாய்ஸ்சரைசர். முகம் வறண்டவர்கள் அதை மருந்துக்கு முன்பும் ஒருமுறை பூசலாம்.

முதல் இரண்டு வாரம் திங்களும் வியாழனும் மட்டும். அடுத்த இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். தோல் உரியாமல் இருந்தால் பிறகு தினமும்.

சீழ் வைத்த பரு அதிகமிருந்தால் ஒரு மாதம் கழித்து பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீத ஜெல்லைச் சேர்க்கலாம். காலையில் ஐந்து நிமிடம் வைத்துக் கழுவிவிடுங்கள். 5, 10 சதவீதம் வாங்கினால் எரிச்சல்தான் கூடும். சாயத் துணியில் பட்டால் வெளுத்துவிடும். வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் என்ன தவறும்

இரண்டாவது வாரத்திலிருந்து பரு கூடினதுபோலத் தெரியும். உள்ளே அடைந்திருந்தவை வெளியே வருகின்றன. பெரும்பாலும் சில வாரத்தில் அடங்கும். இந்தக் கட்டத்தில்தான் பலர் ட்யூபை ஓரம் வைக்கிறார்கள். பருவில் பலன் தெரிய 8 முதல் 12 வாரம், கருப்பு மங்க அதற்கும் மேலே சில மாதம். மாதம் ஒருமுறை ஒரே சன்னலோரத்தில், ஒரே நேரத்தில் படம் எடுத்து ஒப்பிடுங்கள்.

தோல் உரிந்தால் மூன்று நான்கு இரவு மருந்தை நிறுத்தி, மாய்ஸ்சரைசர் மட்டும் பூசிவிட்டு, வாரத்துக்கு இரண்டு இரவு என்று மறுபடி தொடங்குங்கள். வீங்கினாலோ தண்ணீர் கோத்தாலோ அது ஒவ்வாமையாக இருக்கலாம், உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். முகம் தெளிந்தபின்னும் அடாபலீனைத் தொடருங்கள். விட்டால் பரு திரும்பும்.

ஆழமாக, வலியோடு கட்டியாக வரும் பருவும் பள்ளம் விழும் பருவும் வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது. மாதவிடாய் தள்ளிப்போவதும் தாடையில் முடி வளர்வதும் பருவோடு சேர்ந்து வந்தால் ஹார்மோன் சோதனை தேவை. ஆறாத புண்ணையோ, உருமாறும் மச்சத்தையோ தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு உண்டு. காலையிலேயே போய்ப் புறநோயாளிச் சீட்டு எடுங்கள். பூசிவரும் எல்லா ட்யூபையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.