இலங்கை நீலக்கல்லை வாங்குமுன் பார்த்தறியும் முறை

நீலக்கல்லைக் கடையின் விளக்கொளியில் மட்டும் பார்த்து விலை பேசக் கூடாது. கல்லை வெள்ளைத் தாளின் மேல் வைத்து, நேர் வெயில் படாத சன்னலோரப் பகல் வெளிச்சத்தில் முதலில் பாருங்கள். பிறகு மஞ்சள் விளக்கின் கீழும் பாருங்கள். இரண்டு ஒளியிலும் கறுத்துப் போகாமல் தெளிந்த நீலமாக நிற்கும் கல்லே நல்ல கல். நேர் மேலிருந்து பார்க்கும்போது நடுப்பகுதி வெளுத்து, அடியிலுள்ள தாளின் எழுத்துகள் ஊடே தெரிந்தால், எடையைக் காப்பதற்காக அடிப்பாகத்தை ஆழமின்றிப் பட்டை தீட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

நீலக்கல் குருந்தம் என்னும் கனிமத்தின் ஒரு வகை. 'கொரண்டம்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் இந்தத் தமிழ்ச் சொல்லிலிருந்தே போனது. இரும்பும் டைட்டானியமும் மிகச் சிறிய அளவில் கலந்தால் அது நீலமாகிறது. குரோமியம் கலந்தால் அதே கனிமம் மாணிக்கமாகிறது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை மதிப்பிடும் மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 9 என்பதால் அன்றாடம் அணியும் மோதிரத்துக்கும் தாங்கும்.

அடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் கல்லின் உள்ளே பாருங்கள். இயற்கைக் கல்லில் நிறப் பட்டைகள் நேர்கோடுகளாகவோ, அறுகோணத்தின் மூலைகளைப் போல மடிந்தோ இருக்கும். நிறக்கோடுகள் வில்லாக வளைந்திருந்தால், அது உலைச் சுடரில் உருக்கி வளர்த்த செயற்கைக் கல். பட்டு நூலைப் போன்ற, ரூட்டைல் என்னும் கனிமத்தின் நுண்ணிய ஊசிகள் குலையாமல் இருப்பது, கல் கடுஞ்சூட்டில் வெந்ததல்ல என்பதற்கு நல்ல அடையாளம். அந்த ஊசிகள் மூன்று திசைகளில் அடர்ந்திருக்கும் கல்லைக் குமிழாகத் தீட்டினால் ஆறு கதிர் நட்சத்திரம் தோன்றும்.

விலையைப் பெரிதும் தீர்மானிப்பது சூடேற்றம்தான். பால் கலந்தாற்போல மங்கலான 'கெவுடா' என்னும் இலங்கைக் கற்களை உலையிலிட்டால் அவை நல்ல நீலமாகும் என்பதை 1970களில் தாய்லாந்து வணிகர்கள் பெரிய அளவில் பயன்படுத்தத் தொடங்கினர். சூடேற்றிய கல் போலியன்று. அதன் நிறமும் நிலையானது. ஆனால் அதை அப்படியே சொல்லி, அதற்குரிய விலையில்தான் விற்க வேண்டும். வெடிப்புகளில் கோபால்ட் கண்ணாடி நிரப்பிய கல்லோ வேறு. அதை நான் எந்த விலைக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பெரிலியம் என்னும் தனிமத்தை ஊட்டி நிறம் மாற்றிய கற்களும் உண்டு. கருவியின்றி இதைக் கண்டறிய முடியாது என்பதால், விலை கூடிய கல்லுக்கு ஜி.ஐ.ஏ., குபெலின் போன்ற ஆய்வகத்தின் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதில் சூடேற்றத்தைப் பற்றி எழுதியிருக்கும் வரியைத் தவறாமல் படியுங்கள்.

விளைந்த இடமும் விலையை ஏற்றும். 1880களின் தொடக்கத்தில் காஷ்மீரின் பாடர் பகுதியில் கிடைத்த மென்பட்டு நீலம் சில ஆண்டுகளிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. பர்மாவின் மோகோக்கும், 1990களின் இறுதியில் பெயர் பெற்ற மடகாஸ்கரின் இலாக்காக்காவும் மற்ற முக்கியக் களங்கள். இலங்கையில் இரத்தினபுரி, எலஹெர வட்டாரங்களில் குழி தோண்டி, 'இல்லம்' எனப்படும் சரளை மண்ணை எடுத்துக் கூடையிலிட்டு நீரில் அரித்துக் கற்களைப் பிரிக்கிறார்கள். பேருவளைச் சந்தையில் அவை கைமாறுகின்றன. இருந்தாலும், ஊர்ப்பெயருக்காக மங்கிய கல்லை வாங்காதீர்கள். மடகாஸ்கரின் நல்ல கல் இலங்கையின் சுமாரான கல்லைவிட மேலானது.

நம்மவர்களுக்கு நீலம் சனியின் கல். ஒத்துக்கொள்கிறதா என்று சில நாள் வைத்திருந்து பார்க்கும் வழக்கமும் உண்டு. ஐரோப்பாவில் அது வானத்தையும் வாய்மையையும் குறித்ததால் கிறித்தவ ஆயர்களின் மோதிரத்தில் இடம்பெற்றது. 1981இல் இளவரசி டயானாவின் நிச்சயதார்த்த மோதிரத்தில் பதிந்திருந்ததும் இலங்கை நீலமே. நம்பிக்கையோடு அணிபவரிடம் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் சனியின் பெயரால் அச்சமூட்டி அவசரப்படுத்துபவரிடம் வாங்க வேண்டாம். சில நாள் வைத்துப் பார்ப்பதாக இருந்தால், திருப்பித் தரும் நிபந்தனையையும் கல்லின் காரட் எடையையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகே பணம் கொடுங்கள்.