வீட்டுக் கழிவுநீரில் நைட்ரஜன் சோதனை: எங்கெல்லாம் தவறுகிறோம்?

நியூயார்க்கின் லாங் ஐலண்டில், சஃபோக் கவுண்டியில் ஒரு வீட்டுத் தோட்டம். புல்வெளி நடுவே ஒரு பச்சை மூடி. அதைத் திறந்து, வீட்டுச் சுத்திகரிப்பு அமைப்பிலிருந்து வெளியே போகும் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தால், பல வீடுகளில் குழாய்த் தண்ணீர் மாதிரியே இருக்கும். கலங்கல் இருக்காது, நாற்றமும் இருக்காது. "பரவாயில்லையே, நல்லா வேலை செய்யுதே" என்பார் வீட்டுக்காரர்.

முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. நைட்ரஜனின் ஒரு வடிவமான நைட்ரேட்டுக்கு நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது. லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்கும் தண்ணீரும் 50 இருக்கும் தண்ணீரும் கண்ணுக்கு ஒன்றுதான். அழுக்கு போய்விட்டது என்பதைத்தான் அந்தத் தெளிவு சொல்கிறது. நைட்ரஜன் போனதா இல்லையா என்பது வேறு கேள்வி.

அந்த ஊரில் இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சஃபோக்கில் சுமார் 3,60,000 வீடுகளுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு கிடையாது. செப்டிக் டேங்க் அல்லது வெறும் உறிஞ்சுகுழிதான். கீழே மணல். அதற்கும் கீழே இருக்கும் நிலத்தடி நீரைத்தான் ஊரே குடிக்கிறது. அதே நீர் மெல்ல ஊர்ந்து போய் விரிகுடாக்களில் கலக்கிறது. 1985-ல் அங்கே முதன்முதலாகப் பழுப்பு அலை என்ற பாசிப்பெருக்கம் வந்து, பெக்கோனிக் விரிகுடாவின் ஸ்காலப் சிப்பித் தொழிலையே சாய்த்துவிட்டது. பாசிப்பெருக்கங்களுக்குக் காரணம் ஒன்றல்ல; ஆனால் நிலத்திலிருந்து வரும் நைட்ரஜன் அவற்றில் முக்கியமான ஒன்று. நைட்ரஜனை நீக்கும் வீட்டு அமைப்புகளுக்கான விதிகளைக் கவுண்டி 2016-ல் கொண்டுவந்தது. 2021 ஜூலையிலிருந்து, சாக்கடை இணைப்பில்லாத இடங்களில் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. வெளிவரும் நீரில் மொத்த நைட்ரஜன் சராசரியாக லிட்டருக்கு 19 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது கணக்கு. சாதாரண செப்டிக் டேங்கிலிருந்து 60-க்கு மேலேயே வரும்.

சரி, சோதனைக்கு வருவோம். மற்ற தவறுகளையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் தவறு ஒன்று உண்டு: அம்மோனியாவை மட்டும் சோதித்துவிட்டு "நைட்ரஜன் போய்விட்டது" என்று முடிவு கட்டுவது. சிறுநீரிலிருந்தும் மலத்திலிருந்தும் வரும் நைட்ரஜன், செப்டிக் டேங்கில் பெரும்பாலும் அம்மோனியாவாக மாறிவிடுகிறது. அடுத்த தொட்டியில் காற்றை ஊதும்போது, சில வகை பாக்டீரியாக்கள் அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இதுவரை ஒரு மில்லிகிராம் நைட்ரஜன்கூட வெளியேறவில்லை, சட்டையை மாற்றிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வேறு பாக்டீரியா அந்த நைட்ரேட்டை உடைத்து வாயுவாக்கி மேலே அனுப்பும்போதுதான் நைட்ரஜன் உண்மையிலேயே போகிறது. அந்தக் கடைசிப் படி நடந்ததா என்று தெரிய நைட்ரேட்டையும் அளந்தே ஆக வேண்டும்.

இதில் ஒரு பெயர்க் குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. லேப் ரிப்போர்ட்டில் "டோட்டல் கெல்டால் நைட்ரஜன்", சுருக்கமாக டிகேஎன் என்று ஒரு வரி இருக்கும். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வேலை பார்த்த யோஹான் கெல்டால் 1883-ல் கொண்டுவந்த முறை அது. பெயரில் "டோட்டல்" இருப்பதால் இதுதான் மொத்த நைட்ரஜன் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இல்லை. கரிமப் பொருளில் இருக்கும் நைட்ரஜனும் அம்மோனியாவும் மட்டும்தான் அதில் சேரும். நைட்ரேட்டும் நைட்ரைட்டும் வராது. மொத்த நைட்ரஜன் வேண்டுமென்றால் டிகேஎன், நைட்ரேட், நைட்ரைட் மூன்றையும் கூட்ட வேண்டும். ஒரு வீட்டில் உள்ளே வரும் நீரில் மொத்த நைட்ரஜன் 65, வெளியே போகும் நீரில் டிகேஎன் 4 என்று வைத்துக்கொள்வோம். 90 சதவீதத்துக்கு மேல் நீங்கிவிட்டது போலத் தெரியும். அதே நீரில் நைட்ரேட் 48 இருந்தால் மொத்தம் 52. நீங்கியது வெறும் 20 சதவீதம்.

அலகு இன்னொரு பொறி. நைட்ரேட்டை இரண்டு விதமாக எழுதுவார்கள்: முழு நைட்ரேட் அயனியின் எடையாக, அல்லது அதற்குள் இருக்கும் நைட்ரஜனின் எடையாக மட்டும். முதலாவது இரண்டாவதைப் போல 4.43 மடங்கு. குடிநீருக்கு அமெரிக்க வரம்பு 10, இந்தியத் தரநிலையில் 45, உலக சுகாதார நிறுவனம் சொல்வது 50 என்று படித்துவிட்டு, அமெரிக்கா ஐந்து மடங்கு கண்டிப்பு என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். அமெரிக்கா நைட்ரஜனாக எழுதுகிறது, மற்ற இரண்டும் நைட்ரேட்டாக எழுதுகின்றன. சுண்ணாம்புக்கல் மேல் உட்கார்ந்திருக்கும் யாழ்ப்பாணத்தில், உரத்தாலும் மலக்குழிகளாலும் கிணற்றில் நைட்ரேட் ஏறுவது பழைய பிரச்சினை. அங்குள்ள ரிப்போர்ட்டையும் அமெரிக்க ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கூட்டும்போதும் அப்படித்தான். டிகேஎன் 4, நைட்ரேட் 44 என்று ரிப்போர்ட் வருகிறது. அந்த 44 நைட்ரேட்டாக எழுதப்பட்டதென்றால் நைட்ரஜன் 10-தான், மொத்தம் 14, அமைப்பு நன்றாக ஓடுகிறது. அலகைப் பார்க்காமல் கூட்டினால் 48. நல்ல அமைப்பைக் கழற்றிப் போடச் சொல்லிவிடுவோம்.

மாதிரி எடுப்பதில் நடக்கும் தவறுகளை லேபில் யாராலும் சரி செய்ய முடியாது. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

எங்கே எடுக்கிறோம்? ஓடி விழுகிற நீரில்தான் எடுக்க வேண்டும். பம்ப் தொட்டியின் அடியில் பாட்டிலை விட்டு மொண்டால், அடியில் தங்கிய வண்டலும் சேர்ந்து வரும். அதிலிருக்கும் கரிம நைட்ரஜன் டிகேஎன்னை ஏற்றிவிடும். குழாயின் உள்சுவரில் வழவழவென்று ஒட்டியிருக்கும் படலம் உரிந்து விழுந்தாலும் இதே கதைதான். பம்ப்பை ஓடவிட்டு, தேங்கிக் கிடந்த நீர் போன பிறகு, சுவரில் உரசாமல் நடு ஓட்டத்தில் பிடிப்பதுதான் சரி. குளோரின் மாத்திரை போடும் அமைப்பாக இருந்தால் குளோரினுக்கு முன்னால் எடுங்கள். குளோரின் அம்மோனியாவோடு சேர்ந்து வேறு பொருளாகிவிடும்.

அப்புறம் பாட்டில். லேபிலிருந்து வரும் நைட்ரஜன் பாட்டிலின் அடியில் தண்ணீர் போல ஏதோ சில துளி இருக்கும். அது சல்ஃபூரிக் அமிலம். நல்ல எண்ணத்தோடு, பாட்டிலை இரண்டு தடவை அலசிவிட்டு மாதிரி பிடிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அமிலம் புல்லில் போய்விடும். பிஹெச்சை 2-க்குக் கீழே இறக்கி, மாதிரிக்குள் இருக்கும் பாக்டீரியாவை நிறுத்தி வைக்கத்தான் அது இருக்கிறது. அலசவும் கூடாது, வழிய வழிய நிரப்பவும் கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அமிலம் சேர்த்து 4 டிகிரி குளிரில் வைத்தால், அம்மோனியா, டிகேஎன், நைட்ரேட்டும் நைட்ரைட்டும் சேர்ந்த கூட்டு ஆகியவற்றுக்கு 28 நாள் வரை அவகாசம் உண்டு. நைட்ரேட்டைத் தனியாகப் பார்க்க அமிலமில்லாத பாட்டில் வேண்டும். அதற்கு 48 மணி நேரம்தான். கரிம அழுக்கைச் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று பார்க்கும் பிஓடி சோதனைக்கான பாட்டிலிலும் அமிலம் கூடாது. ஐஸ் பெட்டி இல்லாமல் ஜூலை வெயிலில் கார் டிக்கியில் பாட்டில் கிடந்தால், தொட்டியில் நடந்த வேலை பாட்டிலுக்குள் தொடரும். நைட்ரேட் வாயுவாகி, எண் இன்னும் அழகாக வந்துவிடும். எண் நன்றாக வந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதால் இந்தத் தவறு வெளியே தெரியாமலே போகிறது.

எப்போது எடுக்கிறோம் என்பதும் முக்கியம். அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா மெதுவாகப் பெருகுகிற இனம். புது அமைப்பை ஓடவிட்டு இரண்டாவது வாரத்தில் சோதித்துவிட்டு ஏமாந்துவிட்டோம் என்று புலம்புவது அநியாயம். நிலைபெற வாரக்கணக்கில் ஆகும், குளிர்காலத்தில் ஆரம்பித்தால் மாதக்கணக்கிலும் ஆகும். நீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் அவை நன்றாகவே சோர்ந்துவிடும். அதனால் ஆகஸ்டில் மட்டும் எடுத்த மாதிரியை வைத்து வருடம் முழுவதையும் எடை போடக்கூடாது. லாங் ஐலண்டின் கிழக்கு முனையில் கோடையில் மட்டும் ஆள் வந்து தங்கும் வீடுகள் நிறைய. ஆறு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டில், குடும்பம் வந்த மறுநாளே எடுத்த மாதிரி எதையுமே சொல்லாது. ஒரே ஒரு தடவை பாட்டிலில் பிடித்த மாதிரி வீண் என்று சொல்லமாட்டேன். தொட்டிக்குள் நீர் ஒன்றிரண்டு நாள் தங்குவதால் காலை மாலை வித்தியாசம் ஓரளவு சமனாகிவிடும். ஆனால் அதை வைத்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துச் சேர்க்கும் 24 மணி நேரக் கலப்பு மாதிரி எடுக்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் வெவ்வேறு பருவங்களில் பல தடவை எடுங்கள். அந்த 19 என்பதே சராசரிக்கான எண்தான்.

பலரும் நினைத்துப் பார்க்காத ஒன்றையும் சொல்ல வேண்டும்: தண்ணீர் கலந்தாலே எண் குறையும். ஒரு மனிதரிடமிருந்து நாளைக்கு ஏறக்குறைய 12 கிராம் நைட்ரஜன் வெளியேறுகிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் 48 கிராம். அவர்கள் 800 லிட்டர் தண்ணீர் செலவழித்தால் லிட்டருக்கு 60 மில்லிகிராம். இப்போது ஒரு ஃப்ளஷ் டேங்க் வால்வு பழுதாகி இரவும் பகலும் ஒழுகி, இன்னொரு 800 லிட்டர் சேருகிறது என்று வையுங்கள். எந்தச் சுத்திகரிப்பும் நடக்காமலே எண் 30-க்கு இறங்கிவிடும். மண்ணுக்குள் போவது அதே 48 கிராம்தான். இதற்கு நேர்மாறாக, சிக்கனமாகத் தண்ணீர் செலவழிக்கிற வீட்டில் எண் கூடுதலாகத் தெரியும். அதனால் மாதிரி எடுக்கும் நாளில் தண்ணீர் மீட்டரையும் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் நீரையும் சோதித்தால்தான் எத்தனை சதவீதம் நீங்கியது என்று பேச முடியும். "இந்த மாடல் என்எஸ்எஃப் 245 சான்று பெற்றது" என்பதும் சோதனைக்கு மாற்றாகாது. வீட்டு அமைப்புகளின் நைட்ரஜன் நீக்கத்துக்கான அந்த அமெரிக்கச் சான்று கேட்பது 50 சதவீத நீக்கம். உள்ளே 60 வந்தால் வெளியே 30 போகலாம். சான்று செல்லும், சஃபோக்கின் 19-ஐத் தொடாது.

ரிப்போர்ட் மோசமாக வந்தபின் நடக்கும் தவறுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. நான் பார்த்த ஒரு வீட்டில் மொத்த நைட்ரஜன் 41 என்று வந்ததும், பராமரிக்க வந்தவர் காற்று ஊதும் ப்ளோயரை முழு வேகத்தில் இடைவிடாமல் ஓடும்படி வைத்துவிட்டுப் போனார். அடுத்த தடவை 47. அந்த 41-ஐப் பிரித்துப் பார்த்திருந்தால் அம்மோனியா 2-கூட இல்லை, எல்லாமே நைட்ரேட் என்று தெரிந்திருக்கும். காற்று ஏற்கெனவே தாராளமாக இருந்தது. நைட்ரேட்டை உடைக்கும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் இல்லாத இடமும் தின்பதற்குக் கார்பனும் தேவை. ப்ளோயரை இடைவெளி விட்டு ஓடவைத்து, நைட்ரேட் உள்ள நீரை, அந்த இரண்டும் இருக்கும் செப்டிக் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் அளவைக் கூட்டியபிறகுதான் எண் இறங்கியது.

அம்மோனியா அதிகமாகவும் நைட்ரேட் குறைவாகவும் வந்தால் கதையே வேறு. ப்ளோயர் ஓடுகிறதா, மின்கட்டணத்துக்குப் பயந்து யாராவது அணைத்தார்களா, ப்ளீச்சோ கிருமிநாசினியோ நிறையக் கொட்டினார்களா என்று பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் அம்மோனியா இறங்கவில்லையென்றால் காரத்தன்மையை, அதாவது அமிலத்தைத் தாங்கும் நீரின் சக்தியைப் பாருங்கள். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க 7.14 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகிறது. 40 மில்லிகிராமுக்கு 286. நைட்ரேட் வாயுவாகும்போது அதில் பாதி திரும்பக் கிடைக்கும், ஆனால் அந்தப் படி நடந்தால்தான். லாங் ஐலண்டின் நிலத்தடி நீர் இயல்பிலேயே அமிலத்தன்மை உள்ள, காரத்தன்மை குறைந்த நீர். காரத்தன்மை தீர்ந்ததும் பிஹெச் சரியும், பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும், எவ்வளவு காற்று ஊதினாலும் பயனில்லை. இத்தனைக்கும் காரத்தன்மைச் சோதனைக்கு ஆகும் செலவு அதிகமில்லை. அதை விட்டுவிட்டு நைட்ரஜனை மட்டும் சோதிக்கச் சொல்வது, காய்ச்சலை அளந்துவிட்டு நாடி பார்க்காமல் போவது மாதிரி.

சோதனைப் பட்டைகளைப் பற்றி ஒரு வரி: தொட்டிப் பக்கத்தில் நின்றபடியே அம்மோனியா கூடுதலா நைட்ரேட் கூடுதலா என்று பார்க்க அவை அருமையானவை. நைட்ரைட் இருந்தால் நைட்ரேட் பட்டை கூடுதலாகக் காட்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, கணக்கு ஒப்படைக்க லேபையே நம்புங்கள்.

மாதிரியோடு போகும் தாளில் தேதியும் முகவரியும் மட்டும் எழுதி அனுப்புகிறார்கள். நீரின் வெப்பநிலை, பிஹெச், கரைந்த ஆக்சிஜன், மீட்டர் அளவு, அப்போது ப்ளோயர் ஓடியதா, அந்த வாரம் வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். ஒரு வீட்டில் வழக்கமாக 15-ஐ ஒட்டி வரும் எண் திடீரென்று 33 ஆனது. அமைப்பையே மாற்ற வேண்டுமா என்ற பேச்சு வரை போனது. தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்ததை யாரோ கடைசியில் கவனித்தார்கள்: "சனி, ஞாயிறு கல்யாண விருந்தாளிகள், 14 பேர்." மூன்று வாரம் கழித்து எடுத்த மாதிரியில் 16.