சனி வளையத்தின் கறுப்புக் கோடு

2018 குளிர்காலத்தில் சனிக்கோள் தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பனில் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே வந்தது. வளையமும் நன்றாக விரிந்திருந்தது. அவசரப்பட்டு 130 மி.மீ. ஆடியும் 650 மி.மீ. குவியத் தூரமும் உள்ள குட்டைத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினேன். வளையம் தெரிந்தது, அதை இரண்டாகப் பிரிக்கும் கறுப்புக் கோடான காசினி இடைவெளி தெரியவில்லை.

குட்டைக் குழலில் ஆடிகள் கொஞ்சம் விலகினாலே படம் கெட்டுவிடும். படத்தை இன்னும் பெரிதாக்க பார்லோ என்ற துணை லென்ஸ் வேண்டும். கூடவே வந்ததோ பேருக்குத்தான் லென்ஸ். முன்னால் கண்ணாடியும் பின்னால் ஆடியும் உள்ள மக்ஸுடோவ் வகைத் தொலைநோக்கி வாங்கலாமா என்று யோசித்தேன். அந்தத் தடித்த கண்ணாடி குளிர நேரமாகும், எங்கள் கடலோர ஈரத்தில் பனி வேறு படியும். என் காசுக்குக் கிடைத்த, ஆடிக்குப் பதில் லென்ஸ் உள்ள தொலைநோக்கியோ கோளின் ஓரத்தில் ஊதா பூசும். கடைசியில் குட்டையை விற்றுவிட்டு 150 மி.மீ. ஆடியும் 1200 மி.மீ. குவியத் தூரமும் உள்ள டாப்சோனியன் வாங்கினேன், எளிய பெட்டித் தாங்கியில் நிற்கும் நீளக் குழல் அது.

முதல் இரவு அதிலும் சனி கொதிக்கிற ரசம் போலத் தளும்பியது. "புதுசும் இப்படித்தானாப்பா?" என்றார் பெரியம்மா. குழலைச் சூடான அறையிலிருந்து நேரே சிமெண்ட் முற்றத்துக்குக் கொண்டு வந்திருந்தேன். ஆடியிலும் சூடு, தரையிலும் சூடு!

மறுநாள் ஒரு மணி நேரம் முன்பே புல்தரையில் வைத்துவிட்டு, அப்புறம் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து ஆடிகளை நேர்ப்படுத்தினேன். கண் வைத்துப் பார்க்கும் 6 மி.மீ. ஐபீஸ் லென்ஸில் 200 மடங்கு. வளையத்தின் இரு முனைகளிலும் மெல்லிய கறுப்புக் கோடு. பெரியம்மாவும் பார்த்தார், ஸ்டூல் போட்டு ஏறி.