அல்சூரில் ஓர் அரக்க விலங்கு: ஷெர்லாக் ஹோம்ஸைக் குறைந்த செலவில் படமாக்கும் வழி

துப்பறிவாளரையும் அரக்க விலங்கையும் ஒரே குறும்படத்தில் வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் விலங்கை வரைவதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டியதோ தடயத்திலிருந்து. 2010இல் அமெரிக்காவின் தி அசைலம் நிறுவனம், இயக்குநர் கை ரிச்சியின் ஷெர்லாக் ஹோம்ஸ் படம் திரைக்கு வந்த சூட்டோடு, அதே பெயரில் ஒரு படத்தை நேரடியாக டிவிடியில் வெளியிட்டது. வேல்ஸ் பகுதியின் கேர்நார்வன் ஊரில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தில் ராட்சத ஆக்டோபஸ், டைனோசர், டிராகன் ஆகிய மூன்றும் வரும். அதன் துணிச்சல் எனக்குப் பிடிக்கும் என்றாலும், மூன்றுக்கும் பங்கு போட்ட பணம் ஒன்றுக்கும் போதவில்லை என்பதைத் திரையே காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆகவே ஒரே ஒரு விலங்கு போதும்.

உரிமைச் சிக்கல் பற்றிக் கவலை வேண்டாம். ஹோம்ஸைப் படைத்த எழுத்தாளர் ஆர்தர் கானன் டாயில் 1930இல் இறந்தார். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை நீடிக்கும். அமெரிக்காவிலும் கடைசி ஹோம்ஸ் கதைகள் 2023 ஜனவரி 1 அன்று பொதுவுடைமையாகிவிட்டன. பிற்காலத் திரைப்படங்களும் தொடர்களும் புதிதாகச் சேர்த்தவற்றை மட்டும் தொடாதீர்கள்.

திரைக்கதைக்கு டாயிலே வழிகாட்டுகிறார். பாஸ்கர்வில் வேட்டைநாய் கதையில் 15 அத்தியாயங்கள். இரண்டாம் அத்தியாயத்தின் முடிவில் ஒரு பெரிய நாயின் காலடித்தடம் பேச்சில் வருகிறது. நாயோ 14ஆம் அத்தியாயத்தில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. இடையில் ஊளை, ஊர்ப்பேச்சு, காணாமல்போன ஒரு பூட்ஸ் ஆகியவற்றைக் கொண்டே கதை நகர்கிறது. செலவில்லாத இவற்றில்தான் உங்கள் படத்தின் முக்கால் பங்கு அமைய வேண்டும்.

அடுத்து, ஆட்களைப் பெங்களூருக்கு மாற்றுங்கள். ஹோம்ஸின் நண்பரும் போரில் காயமுற்றுத் திரும்பிய ராணுவ மருத்துவருமான வாட்சனுக்கு ஈடாக, அல்சூர் ஏரிக்கரையில் முகாம் கொண்டிருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்து ஓய்வுபெற்ற ஓர் அவில்தாரை வைத்துக்கொள்ளலாம். அந்தப் படையினரைத் ‘தம்பி’ என்றே அழைப்பார்கள் என்பதால், அறுபது வயது வாட்சனை எல்லோரும் ‘தம்பி’ என்று கூப்பிடும் ஒரு நகைச்சுவையும் தானாகக் கிடைத்துவிடும். ஹோம்ஸ் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரான திருமதி ஹட்சனுக்கோ, பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் எந்த வீட்டுக்கார அம்மாவும் பொருந்துவார்.

காலடித்தடம்தான் படத்தின் உயிர் என்பதால் அதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். இரண்டு அங்குலத் தெர்மக்கோலில் பாதத்தை வெட்டி, அதன் மேல்பக்கம் பலகை ஒட்டி, ஈரச் செம்மண்ணில் ஏறி நின்று அழுத்த வேண்டும். கால் விரல் பக்கம் ஆழமாகவும் குதிகால் பக்கம் மேலோட்டமாகவும் பதிந்தால் விலங்கு ஓடியதாகத் தெரியும். நாங்கள் முதல்முறை எடுத்தபோது ஒரே அச்சை வைத்துப் பதினொரு தடங்களையும் பதித்துவிட்டோம். மொட்டை மாடியில் போட்டுக் காட்டியபோது, பக்கத்து வீட்டுச் சிறுமி, “அண்ணா, அதுக்கு ரெண்டுமே வலது காலா?” என்று கேட்டாள். இடது காலுக்குத் தனி அச்சு செய்து அந்தக் காட்சியை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

விலங்கை இருட்டில் காட்டுங்கள். டாயிலின் நாய் ஒளிர்வதற்குக் காரணம் பாஸ்பரஸ். அது நச்சும் நெருப்பும் ஆகும் என்பதால் நமக்கு வேண்டாம், உயிருள்ள நாயின் மேல் எதையும் பூசவும் கூடாது. வாகனங்களில் ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கர் ஜே.சி. ரோட்டுக் கடைகளில் கிடைக்கும். அது தன்மேல் விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதால், டார்ச்சை லென்ஸை ஒட்டிப் பிடித்தால் மட்டுமே பொம்மையின் கண்கள் எரியும். ஒரு முழம் தள்ளிப் பிடித்தாலும் அணைந்துபோகும்.

பொம்மை பொம்மையாகத் தெரியாமல் இருக்க வேகத்தைக் கவனியுங்கள். 25 மடங்கு உயரத்திலிருந்து விழும் பொருளுக்கு 5 மடங்கு நேரம் பிடிக்கும். ஆகவே 25 அடி விலங்கை ஓர் அடி பொம்மையாகச் செய்தால், நொடிக்கு 120 சட்டகங்கள் (ஃப்ரேம்கள்) எடுத்து, நொடிக்கு 24 என்ற வேகத்தில் ஓட்ட வேண்டும். இன்றைய பல கைபேசிகள் இதைச் செய்யும். விலங்கு எழும்பும் இடமாகப் பெலந்தூர் ஏரியின் நுரையைவிடப் பொருத்தமானது கிடைக்காது. கழிவுநீரிலுள்ள சோப்பு ரசாயனங்களால் பொங்கும் அந்த ஏரி 2015, 2017, 2018 ஆண்டுகளில் தீப்பிடித்தே எரிந்தது. நுரையின் அருகே போகாமல், சாலையிலிருந்து உரிய அனுமதியுடன் தூரக் காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, பொம்மை எழுவதை மாடியில் ஒரு அகலத் தட்டில் சோப்பு நுரை கட்டி எடுங்கள்.

உறுமலுக்குக் கடை ஷட்டர் இறங்கும் சத்தத்தைப் பதிவுசெய்து பாதி வேகத்தில் ஓட்டினால் போதும்.

விலங்கை ஏவியவன் யார், எதற்காக ஏவினான் என்று ஹோம்ஸ் விளக்கும் காட்சியை மட்டும் முதல் நாளே எடுத்துவிடுங்கள். நீளமான வசனத்தை நடிகர் களைப்பில்லாமல் பேசுவார். எந்தத் தடயம் எங்கே தெரிய வேண்டும் என்பதும் அதைப் போட்டுப் பார்க்கும்போதுதான் உங்களுக்கே உறைக்கும். விடுபட்டதை மறுவாரம் செம்மண்ணில் பதித்துக்கொள்ளலாம்.