சிட்டிசனா, ரெசிடென்ட்டா, நேட்டிவா? ஊர்க்காரரை ஆங்கிலத்தில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாண்டிச்சேரியில் ஒரே தெருவில் மூன்று வீடு என்று வைத்துக்கொள்வோம். முதல் வீட்டுக்காரர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், ஆனால் கையில் இருப்பது பிரெஞ்சு பாஸ்போர்ட். அடுத்த வீட்டில் இருப்பவர் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரர், வேலைக்காக வந்து வாடகைக்கு இருக்கிறார். மூன்றாவது வீட்டுக்காரர் பிறந்தது இந்த ஊரில்தான், குடும்பத்தோடு இருப்பது துபாயில், பாஸ்போர்ட் இந்தியாவுடையது. தமிழில் மூவரையும் பாண்டிக்காரர் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. மஞ்சக்குப்பத்துக்காரர் வேண்டுமானால் கொஞ்சம் முறைப்பார். ஆங்கிலத்தில் விண்ணப்பம் நிரப்பும்போது அது நடக்காது. பாஸ்போர்ட், வசிக்கும் இடம், பிறந்த மண் மூன்றுக்கும் அங்கே வேறு வேறு சொல்.

அதிகம் அடிபடுவது சிட்டிசன்தான். 'ஐ ஆம் எ சிட்டிசன் ஆஃப் புதுச்சேரி' என்று எழுதுபவர்களை நிறையப் பார்க்கலாம். குடிமகன், குடியிருப்பவர் இரண்டும் நமக்கு ஒரே குடியில் இருந்து வருவதால் வரும் குழப்பம் என்பது என் கணிப்பு. (பாண்டியில் குடிமகன் என்றாலே சிரிப்பவர்களும் உண்டு. அந்தக் குடி வேறு.) இந்தியாவில் மாநிலத்துக்கு ஒரு குடியுரிமை கிடையாது, நாட்டுக்கு ஒன்றுதான். ஊர்ப்பொது விஷயத்தைப் பேசும்போது 'சிட்டிசன்ஸ் ஆஃப் சென்னை' என்று பத்திரிகைகள் எழுதுவது சரி, ஆங்கிலத்தில் அதற்கு இடமுண்டு. விண்ணப்பத்தில் மட்டும் சிட்டிசன் என்றால் நாடு. வசிக்கும் ஊரைச் சொல்ல ரெசிடென்ட் போடுங்கள்.

இந்த வித்தியாசம் வெறும் மொழி விஷயம் இல்லை. ஆதார் எண் பெறும் உரிமையை அதன் சட்டம் தருவது ரெசிடென்ட்டுக்கு. விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதத்தில் 182 நாளாவது இந்தியாவில் இருந்தவர் என்பது 2016ஆம் ஆண்டு ஆதார் சட்டம் சொல்லும் கணக்கு. ஆதார் குடியுரிமைக்குச் சான்று அல்ல என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஓட்டுக்குப் பொதுவாக இரண்டும் வேண்டும்: இந்தியக் குடியுரிமையும் இருக்க வேண்டும், அந்தத் தொகுதியில் வழக்கமாக வசிப்பவராகவும் இருக்க வேண்டும். தொகுதியில் சொந்த வீடு இருக்கிறது என்பதாலேயே ஒருவர் அங்கே வசிப்பவர் ஆகிவிட மாட்டார் என்று 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆரோவில்லைப் பாருங்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே இருப்பது ரெசிடென்ட்ஸ் அசெம்ப்ளி. பல நாட்டுப் பாஸ்போர்ட்காரர்கள் உட்காரும் சபைக்கு வேறு எந்தச் சொல்லும் பொருந்தியிருக்காது.

நேஷனாலிட்டி என்ற கட்டத்தில் 'தமிழ்' என்றோ மதத்தின் பெயரையோ எழுதுவது அடுத்த தவறு. அங்கே கேட்பது எந்த நாட்டவர் என்பது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு 'இந்தியன்' தவிர வேறு பதில் கிடையாது. ஆனால் நம் முதல் வீட்டுக்காரர் அங்கே 'ஃப்ரெஞ்ச்' என்றுதான் எழுத வேண்டும். ஏன் என்று புரிய 1962க்குப் போக வேண்டும். 1954 நவம்பர் 1 அன்றே பாண்டியின் நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்துவிட்டாலும், இரு நாடுகளும் 1956இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். பிரெஞ்சு நாட்டவராக இங்கே பிறந்து, அந்தத் தேதியில் இங்கேயே குடியிருந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. பிறப்பு ஒரு நிபந்தனை, குடியிருப்பு இன்னொரு நிபந்தனை. இரண்டையும் அந்த ஒப்பந்தம் தனித்தனியாகத்தான் பேசியது. எழுதிக் கொடுத்த குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் பாண்டியிலும் காரைக்காலிலும் இருந்துகொண்டே பிரான்ஸ் அதிபர் தேர்தலில் ஓட்டுப் போடுகிறார்கள். அவர்களை 'ஃப்ரெஞ்ச் சிட்டிசன், புதுச்சேரி ரெசிடென்ட்' என்று எழுதினால் ஒரு குழப்பமும் இல்லை. அவர்களில் ஒருவர் ஓசிஐ (ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா) அட்டை எடுத்திருந்தாலும் நேஷனாலிட்டி மாறாது. அந்த அட்டையின் பெயரில் சிட்டிசன் என்று இருப்பது நம்மை ஏமாற்றும். அதை வைத்து இங்கே ஓட்டுப் போட முடியாது.

நேஷனலும் சிட்டிசனும் ஒன்றுதானா என்றால், நமக்கு நடைமுறையில் ஒன்று. அமெரிக்காவில் அப்படி இல்லை. அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட அமெரிக்கன் சமோவா தீவுகளில் பிறப்பவர்கள் அமெரிக்காவின் நேஷனல், ஆனால் பிறப்பால் சிட்டிசன் அல்ல.

துபாய்க்காரருக்கு வருவோம். அவர் என்ஆர்ஐ. வெளிநாட்டில் இருக்கும் எல்லோரையும் அப்படிச் சொல்லும் பழக்கம் நமக்கு இருக்கிறது. அந்நியச் செலாவணி விதிகளில் அது வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமக்களை மட்டும்தான் குறிக்கும். அங்கே போய்க் குடியுரிமை வாங்கிவிட்டவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

சரி, நேட்டிவ். 'உங்க நேட்டிவ் எது?', 'பொங்கலுக்கு நேட்டிவ் போறேன்' என்று தமிழ்ப் பேச்சில் சொல்வதில் தப்பே இல்லை, அது நம் சொல்லாகவே ஆகிவிட்டது. அதை அப்படியே 'மை நேட்டிவ் இஸ் கடலூர்' என்று ஆங்கிலத்தில் எழுதினால்தான் சிக்கல். பெயர்ச்சொல்லாக வரும்போது நேட்டிவ் என்பது ஊர் அல்ல, ஆள். 'ஐ ஆம் எ நேட்டிவ் ஆஃப் கடலூர்' சரி, ஆனால் கொஞ்சம் விறைப்பு. 'ஐ ஆம் ஃபிரம் கடலூர்' என்பதே இயல்பு. 'தி நேட்டிவ்ஸ்' என்று மொட்டையாக மட்டும் எழுதிவிடாதீர்கள். வெள்ளைக்காரன் காலத்து ஏளனம் அந்தச் சொல்லில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நேட்டிவிட்டி சர்டிபிகேட்டும் நம் தாலுகா ஆபீஸில் செல்லும். வெளிநாட்டுக் கல்லூரிக்கு எழுதும்போது நேட்டிவிட்டி என்றால் அவர்களுக்கு நினைவு வருவது இயேசு பிறப்பு. என்ன சான்றிதழ் என்று ஒரு வரி விளக்கம் சேர்த்துவிடுங்கள்.

டொமிசைல் (நிலையான குடியிருப்பு) என்பதை மாநிலத்தோடு சேர்த்துப் பேசுவது கல்லூரி அட்மிஷன் நேரத்தில் சகஜம். 1984இல் பிரதீப் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தியாவில் இருப்பது இந்திய டொமிசைல் ஒன்றுதான், மாநில டொமிசைல் என்று தனியாக இல்லை என்று சொல்லிவிட்டது. ஆனாலும் விண்ணப்பத்தில் அந்தச் சொல் அச்சாகியிருந்தால் வாதாடாமல் நிரப்பிவிடுங்கள். அவர்கள் கேட்பது இத்தனை வருடம் இங்கே வசித்தீர்களா என்பதைத்தான்.

காதால் வரும் தவறு ஒன்று உண்டு. ரெசிடென்ட்ஸ், ரெசிடென்ஸ் இரண்டும் வேகமாகச் சொன்னால் ஒரே மாதிரி ஒலிக்கும். அதனால் 'ஐ ஆம் எ ரெசிடென்ஸ் ஆஃப் லாஸ்பேட்டை' என்று எழுதிவிடுகிறார்கள். நான் லாஸ்பேட்டையில் உள்ள ஒரு வீடு என்று அர்த்தம். ஆளுக்கு 'ட்' வேண்டும்.

இன்மேட் இதைவிட விவகாரமானது. ஹாஸ்டலிலும் ஆசிரமத்திலும் முதியோர் இல்லத்திலும் தங்கியிருப்பவர்களை இன்மேட்ஸ் என்று எழுதுவது நம் நாட்டு வழக்கம். வெளிநாட்டுக்காரர் அதைப் படித்தால் சிறைக் கைதி என்றே நினைப்பார். வெளிநாட்டு விசா விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதத்தில் 'ஷி வாஸ் அன் இன்மேட் ஆஃப் அவர் ஹாஸ்டல்' என்று வார்டன் எழுதியிருந்தால், கூச்சப்படாமல் திருத்தித் தரச் சொல்லுங்கள். ரெசிடென்ட் என்று மாற்றினால் போதும்.

லோகலைட் என்பதும் நம் பத்திரிகைகளில்தான் புழங்குகிறது, லோக்கல்ஸ் என்றாலே புரியும். இன்ஹேபிடன்ட் புவியியல் பாடத்துக்கும் தீவுக்கும் பொருத்தம்; உங்கள் முகவரிக்கு வேண்டாம். ஊர்ப்பெயரோடு விகுதி ஒட்டுவது எல்லா ஊருக்கும் சரிப்படாது. சென்னைஐட் நிலைத்துவிட்டது. கடலூருக்கு அப்படி ஒன்று நிலைக்கவில்லை, 'பீப்பிள் ஆஃப் கடலூர்' என்றே எழுதிவிடலாம்.