'கால்' என்று வாய் தவறிவிட்டால்: போக்கர் மேஜையில் பஞ்சாயத்து பண்ணுவது எப்படி

எங்கள் வாராந்திர ஆட்டத்தில் சீட்டுப் போடுவதும் நான்தான், சண்டை வந்தால் பஞ்சாயத்து பண்ணுவதும் நான்தான். வந்த சண்டைகளில் பாதிக்கு மேல் ஒரே சொல்லில் ஆரம்பித்தவை: 'கால்', அதாவது எதிராளி வைத்த பந்தயத் தொகையை (பெட்) நானும் வைக்கிறேன் என்பது. பெட் எவ்வளவு என்று சரியாகப் பார்க்காமல் ஒருவர் கால் சொல்லிவிடுவார். தொகை தெரிந்ததும் முகம் வெளுக்கும். "ஐயோ, நான் முந்நூறுன்னு நினைச்சேன்" என்பார். எதிரில் இருப்பவர், "சொன்னது சொன்னதுதான்" என்பார். அப்புறம் எல்லாரும் உங்களைப் பார்ப்பார்கள்.

அந்த நேரத்தில் முதல் வேலை ஆட்டத்தை நிறுத்துவது. யாரும் சிப்பை (பணத்துக்குப் பதிலான வில்லையை) தொடக் கூடாது, அடுத்த சீட்டு வரக் கூடாது, முக்கியமாக யாரும் கைச்சீட்டைத் திறந்து காட்டக் கூடாது. நியாயம் யார் பக்கம் என்பதை அப்புறம் பார்க்கலாம்.

இது நான் சூடுபட்டுக் கற்றது. ஒருமுறை ரிவரில் (கடைசிப் பொதுச்சீட்டு விழுந்த பிறகு) ஒருவர் 3,000 பெட் வைத்தார். எதிராளி அதை 300 என்று நினைத்து, மூன்று நூறு சிப்பைத் தள்ளி, கால் என்றார். பெட் வைத்தவர் அந்த மூன்று சிப்பை எண்ணிக்கூடப் பார்க்காமல் தன் இரண்டு ராஜாக்களைத் திறந்து போட்டுவிட்டார். எனக்கு மனசு இளகி, "சரி, 300-ஐ எடுத்துக்கிட்டு யோசிச்சுச் சொல்லுங்க" என்றேன். எதிராளியின் சீட்டைப் பார்த்த பிறகு யோசிக்க என்ன இருக்கிறது? ஜெயிக்கிற கை என்றால் 3,000 வைப்பார், தோற்கிற கை என்றால் ஃபோல்ட், அதாவது சீட்டைப் போட்டுவிட்டு விலகல். ஃபோல்ட்தான் பண்ணினார். ராஜாக்களைக் காட்டியவர் இரண்டு வாரம் ஆட்டத்துக்கு வரவில்லை. கோபம் நியாயமானது.

அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: தவறு நடந்ததற்கும் இந்த நொடிக்கும் நடுவில் யாருக்கு என்ன புதிதாகத் தெரிந்துபோனது? எதுவும் தெரியவில்லை என்றால் தாராளமாக இருக்கலாம். ஏதாவது கசிந்திருந்தால், தவறு செய்தவர்தான் அதைச் சுமக்க வேண்டும்.

விதிப் புத்தகங்கள் இதில் ஒரே குரலில் பேசுவதில்லை. 2001-இல் தொடங்கிய, போக்கர் போட்டி நடத்துபவர்களின் சங்கமான டூர்னமென்ட் டைரக்டர்ஸ் அசோசியேஷன், சுருக்கமாக டி.டி.ஏ., கறாரானது. தன் முறையில் வாயால் கால் சொன்னவர் அப்போதைய முழுத் தொகைக்கும் பொறுப்பு. வாயே திறக்காமல் குறைவாகச் சிப் வைத்தாலும், ஆட்டத்தில் இருவர் மட்டும் மிச்சம் என்றால் முழுசாகப் போட்டே ஆக வேண்டும். பலர் இருந்து, எதிரே இருப்பது அந்தப் பந்தயச் சுற்றின் முதல் பெட் என்றாலும் அப்படியே. மற்ற இடங்களில் முடிவு போட்டியை நடத்தும் டைரக்டர் கையில். வைத்த சிப்பை இழந்து ஃபோல்ட் பண்ணவும் அவர் விடலாம். பாப் சியாஃபோன் தொகுத்த ராபர்ட்ஸ் ரூல்ஸ் என்ற விதித் தொகுப்பு கொஞ்சம் இளகியது: தொகையைப் பெரிதாகத் தவறாகப் புரிந்துகொண்டது பளிச்சென்று தெரிந்து, அதனால் யாருக்கும் பாதிப்பு இல்லை என்றால், காலைத் திரும்பப் பெற விடலாம். ஒரு கைக்கணக்கும் தருகிறது: தொகையில் 80 சதவீதமோ அதற்கு மேலோ வைத்துவிட்டவர் 'எனக்குப் புரியல' என்று சொல்ல முடியாது. நண்பர்கள் ஆட்டத்துக்கு எனக்கு இதுதான் பிடிக்கும். எதைப் பின்பற்றினாலும் முதல் சீட்டு விழுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சண்டை நடுவில் புத்தகத்தைத் தேடினால் ஆளுக்கொரு பக்கத்தைத் திறப்பார்கள்.

உதாரணத்துக்கு, முதல் ஆள் 500 வைக்கிறார், அடுத்தவர் அதை 2,000 என்று உயர்த்துகிறார் (ரெய்ஸ்). மூன்றாவது ஆள் காதில் ஹெட்போன், பேசாமல் 500-ஐ மட்டும் தள்ளுகிறார். ரெய்ஸைக் கவனிக்கவே இல்லை என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவருக்குப் பின்னால் யாரும் ஆடவில்லை என்றால், எங்கள் மேஜையில் 500-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி முடிவெடுக்கச் சொல்வேன். நான்காவது ஆள் அவர் வைத்ததைப் பார்த்து ஃபோல்ட் பண்ணிவிட்டால் கதை வேறு. அந்த ஃபோல்டை யாராலும் திருப்பித் தர முடியாது. அப்போது மீதி 1,500-ஐயும் போடலாம், இல்லை 500-ஐ விட்டுவிட்டு ஃபோல்ட் பண்ணலாம். 1,600 வைத்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, மீதி 400 வந்தாக வேண்டும். இதே ஹெட்போன் ஆசாமிக்கு ஒரே இரவில் மூன்றாவது தடவை 'கவனம் பிசகினால்', என் இரக்கம் தீர்ந்துவிடும். தெரியாத மாதிரி சிப் வைத்து எதிராளியின் முகத்தைப் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆல்-இன்னில் (தன் சிப் முழுவதையும் வைப்பதில்) வரும் தவறுதான் வயிற்றைக் கலக்கும். டீலர் (சீட்டுப் போடுபவர்) 8,000 என்கிறார், நீங்கள் கால் சொல்கிறீர்கள். எண்ணினால் 18,000: சின்னச் சிப் அடுக்குக்குப் பின்னால் இரண்டு ஐயாயிரம் சிப் ஒளிந்திருக்கிறது. டி.டி.ஏ. விதிப்படி தொகையை உறுதி செய்வது கால் சொல்பவரின் பொறுப்பு. டீலரே தவறாகச் சொல்லியிருந்தாலும் சரியான முழுத் தொகைதான் செல்லும். ஆட்டத்தின் நேர்மையே முதன்மை என்ற முதல் விதியை வைத்து டைரக்டர் மாற்றிச் சொல்லலாம், ஆனால் அதை நம்பி வாயைத் திறக்காதீர்கள். எதிரில் ஆல்-இன் இருந்தால் துல்லியமாக எண்ணிக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பெரிய சிப்பை எல்லார் கண்ணிலும் படும்படி வைப்பதும் விதிதான். அதை நான் ஆட்டம் தொடங்கும்போதே சரிபார்த்துவிடுவேன்.

முறை வருமுன் கால் சொன்னால்? நடுவில் யாரும் பெட் வைக்காமல், ரெய்ஸ் பண்ணாமல் அவர் முறை வந்தால் அந்தக் கால் நிற்கும். யாராவது ரெய்ஸ் பண்ணிவிட்டால் அவருக்கு விடுதலை.

கையையே தவறாகச் சொல்வது தனி ரகம். போர்டில் (மேஜை நடுவிலுள்ள பொதுச்சீட்டுகளில்) மூன்று இஸ்பேட். கால் பண்ணியவர் இரண்டு கறுப்புச் சீட்டைக் கீழே போட்டு "ஃப்ளஷ்" (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) என்றார். இரண்டு ஜோடி வைத்திருந்தவர் சலிப்போடு தன் சீட்டைக் கவிழ்த்தபடியே கழிவுக் குவியலுக்குள் வீசினார். குனிந்து பார்த்தால் கறுப்பில் ஒன்று கிளாவர். ஜோடிகூட இல்லை, பெரிய சீட்டு என்று ஏஸ் மட்டும்தான். திறந்து வைத்த சீட்டுத்தான் பேசும், வாய்ச்சொல் செல்லாது. வேண்டுமென்றே அப்படிச் சொல்லியிருந்தால் தண்டனை கொடுக்கலாம். இவரோ தானே திகைத்துப் போய் உட்கார்ந்திருந்தார். குவியலில் கலந்த சீட்டு எது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால் பாட்டை (நடுவில் சேர்ந்திருந்த பந்தயத் தொகையை) ஃப்ளஷ் இல்லாதவரிடமே தள்ளினேன்.